சேராத ரேடியேட்டர்

என் சகலையைப் பற்றிக் குறை சொல்லலாம் என்றால் கேட்க ஆள் கிடைப்பதில்லை. என் மனைவியின் தங்கை புருஷன். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. காலையில் போட்ட சட்டை சாயங்காலமும் மடிப்புக் கலையாமல் இருக்கும். குழந்தைகளுக்குப் பிடிக்கும், மாமியாருக்குப் பிடிக்கும், எங்கள் தெரு நாய்கூட அவனைக் கண்டால் வாலை ஆட்டும். எனக்கு வயிறு எரியும்.

அவனிடம் இல்லாத ஒன்றே ஒன்று என்னிடம் இருந்தது. பழைய பிக்கப் வண்டி. ஒரு தோட்டத்துக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்ததை வாங்கி வந்து, துருவைச் சுரண்டி, நானே ஓட வைத்தது. இதே மாடல் வண்டியைத்தான் என் மாமனார் மரக்கடை வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை ஓட்டினார். கல்யாணமான நாளிலிருந்து "வாங்க", "சாப்டீங்களா" தவிர என்னிடம் வேறு வார்த்தை பேசாத மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினார். ஏரிக்கரை வரை போய்த் திரும்புவோம். அந்த சீட்டில் அவர் இருக்கும்வரைதான் நான் மூத்த மாப்பிள்ளை. இறங்கிவிட்டால் வெறும் கண்ணாடிக் கடைக்காரன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்டில் ஏறும்போது பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. மாமனார் இறங்கிப் பார்த்தார்.

"ரேடியேட்டர் போச்சு மாப்ள."

கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். ரேடியேட்டர் ரிப்பேர்க்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "இதுல இனிமே ஈயம் வைக்கவே இடம் இல்லைங்க. ஏற்கெனவே பாதி ஈயம்தான் இருக்கு. வேற பாருங்க."

வேறு எங்கே பார்ப்பது? ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் வண்டியின் பெயரைச் சொன்னதுமே, "அது இன்னும் ஓடுதா?" என்றார்கள். ஓடினால் நான் ஏன் இங்கே வந்து நிற்கிறேன்? வாரம் தவறாமல் மாமனார் "கெடச்சுதா?" என்று கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். சகலை தன் புதுக் காரில் அவரை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனான். போன வேகத்தில் அவர் தூங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

ஊருக்கு வெளியே பழைய இரும்புக் கடை ஒன்றில் கடைசியாக அது அகப்பட்டது. அலமாரியில், மண்வெட்டிகளுக்குப் பின்னால், பித்தளையும் செம்புமாக. என் வண்டி ரேடியேட்டரேதான்.

"எதுலேர்ந்து எடுத்தது?" என்றேன்.

"பின்னாடி நிக்குது பாருங்க," என்றார் கடைக்காரர். கிரேனுக்கு அந்தப் பக்கம், டயர் இல்லாமல், கண்ணாடி இல்லாமல், என் வண்டியின் கூடப்பிறந்தது மாதிரி ஒன்று மண்ணில் உட்கார்ந்திருந்தது. "முழுசாவே எடுத்துக்கறீங்களா?"

"ஒண்ணையே வச்சு மேய்க்க முடியல," என்று சிரித்தேன். ரேடியேட்டருக்கு அவர் சொன்ன விலைக்கு முகத்தைச் சுளித்துவிட்டு வந்துவிட்டேன். வாங்குகிற எண்ணம்தான். ஆனால் சொன்ன விலைக்கே வாங்கினால் இரவு தூக்கம் வராது எனக்கு. ஒரு வாரம் விட்டுப் போனால் இறங்கி வருவார் என்று கணக்குப் போட்டேன்.

நடுவில் மாமனார் வீட்டுச் சாப்பாட்டில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கண்டுபிடிச்சாச்சு மாமா," என்று கடையின் அடையாளம் உட்பட எல்லாவற்றையும் பீற்றிக்கொண்டேன். எதிரில் சகலை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் போனால் அலமாரி காலி.

"ஒருத்தர் வந்தார். பேரமே பேசல, எடுத்துட்டுப் போயிட்டார்," என்றார் கடைக்காரர். "சட்டை நல்லா இஸ்திரி போட்டிருந்துச்சு."

எனக்குக் காது இரண்டும் சுட்டன.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும்போது, காரின் டிக்கியைத் திறந்து, போர்வையில் சுற்றிய அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினான் சகலை.

"அண்ணா, உங்களுக்குத்தான். சொல்லாம கொண்டு வந்து குடுக்கணும்னு நெனச்சேன்."

"சின்னவர் நெனச்சா முடிச்சுடுவார்," என்றார் மாமியார். என் மனைவி என்னைப் பார்த்தாள். மாமனார் போர்வையை விலக்கி அதன் முகத்தை உள்ளங்கையால் தடவினார். பிறகு நிமிர்ந்து சகலையைப் பார்த்தார். அந்தப் பார்வை என்னுடையது. ஏரிக்கரை போகும்போது எனக்குக் கிடைக்கிற பார்வை.

டேப்பை எடுத்துக்கொண்டு, ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் தனியாகப் போனேன். இடத்தில் வைத்தேன். இத்தனை வருஷம் கண்ணாடி வெட்டுகிறேன். ஒரு பொருள் தன் இடத்தில் அப்படிப் போய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாலு போல்ட் ஓட்டையும் நாலு போல்ட்டுக்கு நேராக இருந்தன.

வெளியே வந்து, "சேராது," என்றேன். "ஓட்டை அரை இஞ்ச் தள்ளி இருக்கு."

சகலையின் முகம் தொங்கிப் போனது. சொல்வதற்கென்ன, பார்க்க இதமாக இருந்தது.

"ஓட்டையைக் கொஞ்சம் பெருசு பண்ணிக்க முடியாதாண்ணா?"

"கிழிஞ்சுடும் தம்பி."

"நான் ஒரு தடவ பாக்கட்டுமா மாப்ள?" என்றார் மாமனார்.

"அளந்து பாத்துட்டேன் மாமா."

ஊரில் எந்த ஜன்னலுக்கு நான் அளவெடுத்தாலும் ஒரு நூல் அளவுகூடத் தப்பாது. அது எல்லோருக்கும் தெரியும். மாமனார் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப இது எந்த வண்டிக்குத்தாண்ணா சேரும்?" என்று சகலை விடாமல் கேட்டான்.

"எதுலேர்ந்து எடுத்தாங்களோ அதுக்கு," என்றேன் வெடுக்கென்று.

என் திட்டம் சுலபமானது. அவன் அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுப்பான். கொஞ்ச நாள் கழித்து நான் போய் எடுத்துக்கொண்டு, வேறொன்று கிடைத்தது என்று சொல்லி மாட்டிவிடுவேன். ஆனால் எத்தனை முறை போய்ப் பார்த்தும் அலமாரி காலியாகவே இருந்தது. கிரேனுக்குப் பின்னால் நின்ற வண்டியையும் காணவில்லை. உடைத்து எடைக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாமனார் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவதும் நின்றுபோனது. சின்ன மகள் வீட்டில் ஏதோ வேலை என்றார்கள்.

"அங்க என்ன வேலை உங்கப்பாவுக்கு?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

"இந்தக் கொதி கொதிக்கிறீங்களே, ரேடியேட்டர் வண்டிக்கு வேணுமா, உங்களுக்கு வேணுமா?" என்றாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஹாரன் கேட்டது. என் வண்டியின் ஹாரன். என் வண்டியோ ஷெட்டில் நிற்கிறது. ஓடிப் போய்ப் பார்த்தேன். புதுப் பெயின்ட்டில் பளபளவென்று ஒரு பிக்கப். ஸ்டியரிங்கில் சகலை. சட்டையில் முதல் முறையாக கிரீஸ் கறை. பக்கத்து சீட்டில் மாமனார்.

"அண்ணா, எல்லாம் நீங்க குடுத்த யோசனைதான்!" என்று குதித்து இறங்கினான். "எதுலேர்ந்து எடுத்தாங்களோ அதுக்குச் சேரும்னீங்கல்ல? போய்க் கேட்டேன், பின்னாடியே நின்னுச்சு. மாமாதான் வாராவாரம் வந்து கூடவே உக்காந்து சொல்லிக்குடுத்தார். எனக்கு ஸ்பேனர் பிடிக்கக்கூடத் தெரியாது."

வாராவாரம். நான் அவரிடம் பேச ஆசைப்பட்ட பேச்செல்லாம் அங்கே நடந்திருக்கிறது.

மாமனார் இறங்கி நேராக என் ஷெட்டுக்குள் போனார். என் வண்டியின் பானெட்டைத் தூக்கினார். ரேடியேட்டர் இருக்க வேண்டிய காலியிடத்தில் ஒரு போல்ட்டில் கட்டைவிரலை ஊன்றி, அடுத்த போல்ட் வரை சாண் பிடித்தார். வெளியே வந்து அந்த வண்டியின் பானெட்டையும் தூக்கி அதே சாணைப் பிடித்தார். இரண்டிலும் சுண்டுவிரல் போல்ட் தலைமேல் போய் நின்றது. என் மனைவியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சகலைக்கு எதுவும் புரியவில்லை. "ஒரே மாடல் மாதிரிதான் இருக்கு. அண்ணா, வேணும்னா இந்த ரேடியேட்டரைக் கழட்டி உங்க வண்டில ஒரு தடவ வச்சுப் பாக்கலாமா? சேந்துச்சுன்னா நீங்களே வச்சுக்கங்க. எனக்குத்தான் கார் இருக்கே."

மனசாரத்தான் சொன்னான், பாவி. நான் "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வண்டி ஓடும், ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், ஊரெல்லாம் நான் எடுத்த அளவு என்ன ஆவது?

மாமனார் பானெட்டை மெதுவாக மூடினார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வேணாம் சின்ன மாப்ள," என்றார். "பெரிய மாப்ளதான் அளந்து பாத்துச் சொல்லிட்டாரே, சேராதுன்னு. அவர் அளவு தப்பாது."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"ஏரிக்கரைக்குப் போறோம். வரீங்களா? பின்னாடி எடம் இருக்கு."

ஏறிக்கொண்டேன். ஏறாவிட்டால் அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசுகிறார்கள் என்று நினைத்து நினைத்தே செத்திருப்பேன். ஸ்டெப்னி டயரின்மேல் உட்கார்ந்து, கேபினின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன். மாமனார் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். சகலை சிரித்தான். ஒரு சொல்லும் காதில் விழவில்லை.

பிறகுதான் கண்ணாடியைக் கவனித்தேன். புதுசு. இடது ஓரத்தில் ஒரு நூல் குறைத்து வெட்டி, ரப்பரைத் திணித்துச் சமாளித்திருந்தார்கள். வேறு யாரோ வெட்டியது. என் கடை சகலையின் தெருவிலிருந்து கூப்பிடு தூரம்.