தோணியில் மருதமுனைக்கு

சாலிஹ் ஒரு விசயத்தை மண்டைக்குள் போட்டுவிட்டான் என்றால் பிறகு அதை வெளியே எடுக்க எந்தப் பரிசாரி வைத்தியனாலும் ஆகாது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தை மாதம் அவன் மண்டைக்குள் போய் உட்கார்ந்தது ஒரு தோணி.

காத்தான்குடிக் கரையில் தோணியை இறக்குவது. மட்டக்களப்பு வாவியோடு தெற்கே தெற்கே போய், பட்டிருப்புப் பாலத்துக்குக் கீழால் நுழைந்து, வாவி முடிகிற இடத்தில் கரையேறுவது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மருதமுனை. அங்கே கலியாணம் முடித்துப் போயிருக்கும் தங்கை ஹிதாயாவின் வாசலில் போய் நின்று, தோணியில் வந்தோம் என்று சொல்வது. இதுதான் திட்டம். பஸ்ஸில் ஏறினால் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போகலாமே என்று யாரும் கேட்டால் அவர்களைப் பாவம் பார்ப்பதுபோல் பார்த்தான். விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை தண்ணீரிலேயே கிடக்கவேண்டும், காற்று புரட்டிப் போடலாம், கரையோரக் கண்ணாப் பற்றைக்குள் முதலை கிடக்கலாம். தங்கள் வயதில் ஒருத்தரும் இதைச் செய்ததில்லை என்பதே அவனுக்குப் போதுமான காரணமாக இருந்தது.

கூட வருவதற்கு அவன் பிடித்த ஆள் நல்லரத்தினம். நாவற்குடாவில் றோட்டோரமாக றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவன். இருவரும் ஒன்றாக ஏ.எல். படித்தவர்கள். தொண்ணூறில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்தவற்றுக்குப் பிறகு அவன் ஊருக்கு இவனும் இவன் ஊருக்கு அவனும் இரண்டு வருடம் போகவில்லை. பிறகு ஒருநாள் சாலிஹ் ஒரு றேடியோவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். நல்லரத்தினம் அதைக் கழற்றிப் பார்த்தான். அதில் ஒரு பழுதும் இல்லை. ஒன்றும் பேசாமல் திரும்பப் பூட்டிக்கொடுத்துத் தேத்தண்ணீருக்குச் சொன்னான். அன்றிலிருந்து சாலிஹ் கடைக்கு வராத நாள் குறைவு.

இப்போது சண்டை நிறுத்தம். அரசாங்கமும் இயக்கமும் பேசிக்கொண்டிருந்தார்கள். தோட்டாச் சத்தமில்லாமல் விடிந்த காலைகளை நம்பலாமா கூடாதா என்று சனம் தடுமாறிக்கொண்டிருந்தது. சாலிஹ் நம்பிவிட்டான்.

“காத்து நமக்கு முதுகுல மச்சான். வடக்கால இருந்து தள்ளும். பாயக் கட்டிப்போட்டுச் சும்மா இரிக்கிறதான்.”

“பாய்க்குச் சீலை?”

“வாப்பாட தறியில இல்லாத சீலையா?”

மூன்று சாரனைச் சேர்த்துத் தைத்துப் பாயும் வந்துவிட்டது. நல்லரத்தினம் கடை மேசையில் சோக்கட்டியால் வாவியை வரைந்தான். போகும் வழியைக் கோடாக இழுத்தபோது அவன் கை தானாகவே மேற்குக் கரையை விட்டு விலகி விலகிப் போனது. மேற்கே படுவான்கரை, இயக்கத்தின் பக்கம். சாலிஹின் பெரியவாப்பாவின் மகன் மஜீட் தொண்ணூறில் அந்தப் பக்கம் சீலை மூட்டையோடு வியாபாரத்துக்குப் போனவன், திரும்பவில்லை. அதைப்பற்றி சாலிஹ் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நல்லரத்தினமும் கேட்கவில்லை. கோட்டைக் கிழக்கே தள்ளிப் போட்டான், அவ்வளவுதான்.

ஆனால் நல்லரத்தினத்தின் நெஞ்சுக்குள் வேறொன்று கிடந்து குடைந்தது. அது காற்றுமல்ல, முதலையுமல்ல. வாவிக்குள் இறங்குகிறவன் கரையிலுள்ள காவலரணில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கவேண்டும். திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாம். மீன்பிடிக்கிறவர்களுக்காக ஆமி வைத்த ஒழுங்கு அது. போன கரைக்கே திரும்பி வருகிறவனுக்குச் சரிவரும். இவர்கள் போகப்போவதோ ஒருவழிப் பயணம். அட்டை காத்தான்குடியில் கிடக்கும், ஆள் பட்டிருப்புப் பாலத்தில் துவக்குகளுக்கு முன்னால் நிற்பான்.

அட்டையில்லாத தமிழ்ப் பொடியன் ஒருவன் பாலத்துக்குக் கீழே தோணியில் வந்தால் என்ன நடக்கும் என்பதை அவன் யாரிடமும் போய்க் கேட்கவேண்டியதில்லை. அண்ணன் தங்கராசா, சுற்றிவளைப்பு நடந்த ஒருநாள், அட்டையை வீட்டில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனான். அம்மா ஆச்சிப்பிள்ளை அந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு முகாம் முகாமாக ஏறி இறங்கினா. அட்டை இன்னும் வீட்டில் இருக்கிறது. அண்ணன் இல்லை.

சாலிஹுக்கு இந்தக் கதை முழுவதும் தெரியும். தெரிந்தும் அவன் என்ன சொன்னான் தெரியுமா?

“அட்டைய இங்கயே வாங்கி வெச்சிடுவானுகள். அதுவும் நல்லதுதான் மச்சான். தண்ணிக்குள்ள விழுந்தாலும் அட்டை நனையாது.”

நல்லரத்தினம் கையிலிருந்த ஈயப்பற்று இரும்பைக் கீழே வைத்தான். சொல்லிவிடலாம், ஒரு வசனம் போதும். ஆனால் நாக்கு எழவில்லை. நான் உன்னுடைய பயத்தைக் கேளாமலே கண்டுபிடித்தேனே, நீயும் கண்டுபிடி என்று அவனுக்குள் ஒரு வீம்பு. வாய்விட்டுச் சொன்னால், நீ வேறு நான் வேறு என்று நடுவில் தானே ஒரு வேலி போட்டதாகிவிடுமே என்று ஒரு கூச்சம்.

அதனால் சாட்டுகளைத் தேடத் தொடங்கினான். தோணியில் ஓட்டை இருக்கிறது என்றான். சாலிஹ் தார் பூசி அடைத்துவிட்டு வந்தான். கடையில் வேலை குவிந்து கிடக்கிறது என்றான். சாலிஹ் இரண்டு நாள் கூட இருந்து, கழற்றிக் கொடுத்ததைத் துடைத்து, வேலையை முடித்து வைத்தான். வடிவாக நீந்தத் தெரியாது என்றான். மறுநாள் லொறி ரியூப் ஒன்று காற்றடைத்தபடி கடை வாசலில் கிடந்தது. இப்படி ஒரு சிநேகிதனை வைத்துக்கொண்டு மனிதன் எப்படித் தப்புவது? அவன் அன்பு ஒவ்வொரு வாசலாக அடைத்துக்கொண்டே வந்தது.

போகிற நாள் விடிந்தது. நல்லரத்தினம் அம்மாவிடம் கல்முனைக்குச் சாமான் எடுக்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு வந்தான். பாய், ரியூப், தண்ணீர்க் கலன், ஹிதாயாவுக்கு ஒரு பெட்டி மஸ்கெற் இனிப்பு எல்லாம் தோணியில் ஏறியிருந்தன. வாவி அமைதியாகக் கிடந்தது. முதுகுப் பக்கமிருந்து மெல்லிய குளிர்காற்று வந்தது.

காவலரணில் இளம் சிப்பாய் ஒருவன் நின்றான். சாலிஹ் சிரித்துக்கொண்டே அட்டையை நீட்டினான். சிப்பாய் வாங்கித் தகரப் பெட்டிக்குள் போட்டுவிட்டு நல்லரத்தினத்தைப் பார்த்துக் கையை நீட்டினான்.

நல்லரத்தினத்தின் கை சட்டைப் பைக்குப் போனது. விரல்கள் அட்டையைத் தொட்டன. அதற்கு மேல் கை அசையவில்லை. அவனுக்கு நன்றாகத் தெரிந்தது, இந்த இடத்தில் தயங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்று. தெரிந்தும் முடியவில்லை.

“எனக்கு ஏலாது மச்சான்” என்றான்.

“என்ன ஏலாது?”

“வயித்துக்குள்ள சரியில்ல. நீ போ.”

சிப்பாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “ஏன்? நீ போற இல்லையா? ஏன்?” அவனுடைய உடைந்த தமிழில் சிரிப்பில்லை. “ஐடென்ரி கொடு.”

இப்போது கொடுத்தேயாக வேண்டும். சிப்பாய் அட்டையை வாங்கிப் படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். உள்ளேயிருந்த மற்றொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். சிங்களத்தில் ஏதோ கதைத்துக்கொண்டார்கள். நல்லரத்தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்றவன் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனான். சிப்பாய் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, வீட்டுக்குப் போ என்பதுபோல் தலையை ஆட்டினான்.

சாலிஹின் முகம் கறுத்துப்போயிருந்தது. தோணியைத் தள்ளி ஏறினான். கொஞ்சத் தூரம் போனபிறகு திரும்பி, “பயந்தாங்கொள்ளி” என்று சத்தமாகச் சொன்னான். சாரன் பாய் காற்றை வாங்கிப் புடைத்தது. நல்லரத்தினம் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். அந்தச் சொல் வழியெல்லாம் கூடவே வந்து குத்தியது.

பத்து மணிக்கே காற்று பலத்தது. கடைக் கூரைத் தகரம் படபடத்த போதெல்லாம் அவன் எழும்பி வாசலுக்கு வந்து நின்றான். தனியாகப் பாயைப் பிடிப்பானா, துடுப்பைப் பிடிப்பானா? காற்று மேற்கே தள்ளிவிட்டால் என்ன செய்வான்? நான் கூட இருந்திருந்தால் கிழக்கே வளைத்திருப்பேனே. ஒரு றேடியோவையும் தொடமுடியவில்லை. சாலிஹின் மேலிருந்த கோபம் எந்த நேரம் போனதென்றே தெரியாமல் போய், வந்துவிடு, வந்துவிடு என்பது மட்டும் மிஞ்சியது. அன்றைக்கு ஒரு செய்தியும் இல்லை.

மறுநாள் மத்தியானம் கல்முனை பஸ் ஒன்று கடைக்கு முன்னால் நின்றது. சாலிஹ் இறங்கினான். வெயிலில் கருகி, உள்ளங்கை இரண்டும் பொக்குளம் போட்டு, ஆனால் ராசா மாதிரி நடந்து வந்தான். நேற்றைய கோபம் எங்கே போனதோ. நல்லரத்தினத்துக்கு அழுகை வந்துவிட்டது. குனிந்து ஆணி தேடுவதுபோல் பாவனை செய்தான்.

“போய்ச் சேந்திட்டன் மச்சான். ஹிதாயா என்னக் கண்டு பேயறைஞ்ச மாதிரி நிண்டாள். தோணி அங்கதான் கிடக்கு. நாளைக்கு லொறில ஏத்தி அனுப்புவாங்க.”

காற்றைச் சொன்னான், பாய் கிழிந்ததைச் சொன்னான். மேற்குக் கரைக்குக் கிட்டத் தள்ளுப்பட்டு, கலிமாச் சொல்லிக்கொண்டு துடுப்பு வலித்ததையும் சொன்னான். நல்லரத்தினம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

“பாலத்தில மறிச்சானுகளா?”

“மறிக்காம? ரெண்டு பேர் துவக்கை நீட்டிக்கொண்டு வந்தானுகள். அட்டை எங்க எண்டான். காத்தான்குடி சென்ட்ரியில இரிக்கி எண்டன். பேரைக் கேட்டான். சொன்னன். உடன துவக்கைக் கீழ இறக்கிப்போட்டு, பாய் எண்டு கூப்பிட்டு, என்னத்துக்கு இதில போறீங்க, பஸ் இல்லையா எண்டு சிரிக்கிறான். ஒரு சிகரட்டும் தந்தான். அவ்வளவுதான்டா. பேர் மட்டுந்தான் கேட்டான். நீ சும்மா போட்டுப் பயந்து…”

அந்த இடத்தில் சாலிஹின் வாய் நின்றுவிட்டது.

றோட்டில் ஒரு லொறி போனது. சாலிஹ் நல்லரத்தினத்தின் முகத்தைப் பார்க்காமல் தன் உள்ளங்கைப் பொக்குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்லரத்தினத்துக்கு வெற்றி என்று ஒன்றும் தோன்றவில்லை. இத்தனை நாளும் இவன் கண்டுபிடிக்கவேண்டும் என்று தவித்தவனுக்கு, இப்போது கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் போலிருந்தது.

“பேர் மட்டுந்தான் கேட்டான்” என்றான் சாலிஹ் மறுபடியும், மிக மெதுவாக.

“ஓம்.”

“நீ எனக்குச் சொல்லியிருக்கலாந்தானே.”

நல்லரத்தினம் ஒரு முக்காலியை இழுத்து அவன் பக்கம் தள்ளினான். “சரி விடு. அடுத்த தரம் ரெண்டு பேரும் போவம். எங்க போறதெண்டு சொல்லு” என்றான்.

சாலிஹ் நிமிர்ந்தான். திட்டம் போடுவதென்றால் அவனுக்கு உயிர் வரும்.

“குடும்பிமலையில ஏறுவமா?”

“அது இயக்கப் பக்கம். உனக்கு அங்கால பயம்.”

சாலிஹ் அவனை ஒருமாதிரிப் பார்த்தான். “அத நான் உன்னட்டச் சொன்ன இல்லையே.”

“சொல்லவேணுமா?”

“அப்ப வாழைச்சேனைக்குச் சைக்கிள்ல?” என்றான் சாலிஹ். சொன்னதும் வழியிலுள்ள சோதனைச் சாவடிகள் அவனுக்கே ஞாபகம் வந்தன. தானே தலையை ஆட்டி அதை அழித்தான். வடக்கே முகத்துவாரம்வரை தோணியில் போவதென்றால் கல்லடிப் பாலத்தில் ஆமி நிற்கும். அதையும் அழித்தான். வாகரை என்றான், உகந்தை என்றான். ஒவ்வொன்றாக, இது உனக்கு ஆகாது, இது எனக்கு ஆகாது என்று தள்ளிக்கொண்டே வந்தார்கள். இவ்வளவு பெரிய ஊரில் இரண்டு பேரும் சேர்ந்து போகக்கூடிய இடம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக்கடை மிஞ்சியது.

“அதுக்கு எண்டாலும் போவம், எழும்பு” என்றான் நல்லரத்தினம்.

வேலை செய்யும்போது கழற்றி ஆணியில் மாட்டியிருந்த சட்டையை அவன் எடுக்கவில்லை. பெனியனோடு றோட்டைக் கடக்க இறங்கினான். சாலிஹ் வரவில்லை. திரும்பிப் பார்த்தான். சாலிஹ் கடைக்குள் போய், ஆணியிலிருந்த சட்டையை எடுத்து, பையைத் தடவி அட்டை உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதை இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினான்.

“போட்டுக்கொண்டு வா மச்சான்” என்றான்.