சந்தனம் வைத்த கண்ணாடி

ஒரு புல்லுக்கட்டு தனியாக நடந்து வருகிறது, தலையும் இல்லை காலும் இல்லை, கார்க் கண்ணாடியின் இடது ஓரத்துப் பனியிலிருந்து பிதுங்கி வருகிறது, பனி வெளியில் இல்லை, குற்றாலிங்கத்தின் இடக்கண்ணில் இருக்கிறது, மாதக்கணக்காக இருக்கிறது, மனைவி வடிவுக்குக்கூட அவர் சொல்லவில்லை, சொன்னால் சாவியைப் பிடுங்கிக்கொள்வாள், வண்டி ஓட்டாத குற்றாலிங்கம் பிறகு எதற்கு, வீட்டில் நாற்காலியைத் தேய்க்கவா, அந்தப் பயம்தான் அவரைத் தென்காசி ஷோரூம் வரை விரட்டிக்கொண்டு வந்தது, பழைய டீசல் கார் புகைச் சோதனையில் தோற்றுப்போயிருந்தது, அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், எத்தனை மெக்கானிக்கிடம் காட்டியும் அந்தப் புகை நகரவில்லை, கனவில்கூட வாசல்வரை வந்து அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது.

சற்று முன் ஷோரூமில் விற்பனைப் பெண் பெனிட்டா சொன்னாள், சாதா வண்டி இந்த ஒண்ணுதான் சார் மிச்சம், புகை விதி இன்னும் இறுகப் போகுது, இனிமே கம்பெனி இத விடாது, புதுசுல முன்னாடி கேமரா இருக்கு, ஆளு குறுக்க வந்தா அதுவே பிரேக் அடிச்சிரும். குற்றாலிங்கம் அவசரமாகக் கையை ஆட்டினார், தன்னை வேவு பார்க்க ஒரு கண்ணா, எனக்குச் சாதாவே போதும்மா, கியரு, கிளட்சு, ஸ்டீயரிங், வேற எதுவும் என்கிட்ட பேசக் கூடாது. வடிவு விடவில்லை, புதுசயும் ஒருக்கா ஓட்டித்தான் பாருங்களேன், கொறஞ்சா போயிருவீங்க.

ஓட்டினார், வடிவு பக்கத்தில், பெனிட்டா பின்சீட்டில், ஷோரூமில் நேற்றுதான் ஆயுத பூஜை, பம்பரிலிருந்து கண்ணாடி உச்சிவரை சந்தனமும் குங்குமமும், திரையில் ஏதோ மஞ்சள் விளக்கு மினுங்கியது, மினுங்கட்டும், வாயை மூடிக்கொண்டு கிடந்தால் சரி, வயல்ரோட்டில் காற்று, இது பழைய வண்டிதானோ, மகளைப் பரீட்சைக்குக் கூட்டிப் போகிறாரோ, பின்சீட்டில் அவள் வாய்விட்டுப் படிக்கிறாள், இல்லை, வடிவு கத்துகிறாள், என்னங்க, ஆளு, ஆளு!

கால் தானாக மிதித்தது, புல்லுக்கட்டு பானட்டில் சரிந்தது, அதன் அடியில் ஒரு பெண் இருந்தாள், உயிரோடு நிற்கிறாள், கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு என்று ஏசுகிறாள், ஏசட்டும், இன்னும் ஏசட்டும்.

பெனிட்டா அழாத குறையாகச் சொன்னாள், மன்னிச்சிருங்க சார், பூச போட்டவங்க கேமரா மேலயே சந்தனத்த அப்பிட்டாங்க, இல்லன்னா அதுவே நின்னிருக்கும், அதான் மஞ்ச லைட்டு எரிஞ்சிருக்கு, நானும் கவனிக்கல. வடிவு கேமராவைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எத்தன நாளா இப்பிடி, என்றாள்.

அவர் இறங்கினார், சாவியைப் பெனிட்டாவிடம் நீட்டினார். புதுசா ஓட்டிப் படிக்கவங்களுக்கு எந்த வண்டிம்மா லேசு? யாருக்கு சார், என்றாள் அவள். அவர் வடிவைக் காட்டினார்.