பார்த்தவர் கையெழுத்து

வீட்டில் நான் புலி. சந்தேகமிருந்தால் என் கணவரைக் கேட்டுப் பாருங்கள். வேலை செய்கிற இடத்தில் நான் எலி என்பது என் நாத்தனாருக்கு மட்டும்தான் தெரியும். அவளும் நானும் ஒரே மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறோம்.

துவைத்து உலர்த்திய படுக்கை விரிப்பை நீராவி உருளைக்குள் விட்டால் மறுபக்கம் சுருக்கமில்லாமல் வரும். ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை அவள் பிடிப்பாள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்பார்கள். எங்களுக்கும் ஆகாதுதான். டிவி ரிமோட்டில் தொடங்கித் துணி காயப்போடும் கொடிவரை சண்டை. ஆனால் உருளைக்கு முன்னால் நின்றுவிட்டால் எங்கள் நான்கு கைகளும் ஒருத்தியின் கைகள் மாதிரி ஓடும்.

மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் குக்கர். விசில் வரும், சோறு வெந்திருக்காது. உருளையின் வாயில் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் தானாக நின்றுவிடும். அடிக்கடி நின்று வேலை கெடுகிறதென்று குக்கர் அந்தக் கம்பியை அசையாமல் வயரால் இழுத்துக் கட்டினார். நாங்கள் ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் நாத்தனார் ஒருத்திதான், "விரல் போனா யாரு சார் பொறுப்பு?" என்று கேட்டாள்.

கேட்டதோடு நிற்காமல் பழுது நோட்டிலும் எழுதினாள். அது தூணில் கயிறு கட்டித் தொங்கும் நோட்டு. நேரம், இயந்திரம், என்ன பழுது, எழுதியவர், பார்த்தவர் என்று கட்டங்கள் இருக்கும். எழுதியவர் தவிர இன்னொருவர் பார்த்தவராகக் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை மேனேஜர் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திடுவார். அவள் பேனாவை என்னிடம் நீட்டினாள். "அப்புறம் போடுறேன்" என்று நழுவிவிட்டேன்.

அன்றிலிருந்து அவளுக்குச் சனி பிடித்தது. விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் குக்கர் அதை அவள் முகத்தில் எறிவார். "படிச்ச கழுதை" என்பார். ஒருநாள் எல்லோர் முன்னாலும் ஒரு மணி நேரம் சும்மா நிற்கவைத்தார். அவள் நின்றாள். நான் இரண்டு அடி தள்ளிக் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தேன். முன்பு புகார் கொடுத்த ஒரு அக்காவை அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்குத் தனியாகத் தள்ளி, இரண்டே மாதத்தில் தானாக ஓடவைத்தவர் அவர். என் ஒப்பந்தம் மூன்று மாதத்தில் முடிகிறது. நீட்டிக்க அவர் கையெழுத்து வேண்டும். என் கணவருக்கோ நிலையான வேலை இல்லை.

பதினோரு வாரம் கழித்து துணி உலர்த்தி இயந்திரம் ஒன்றின் பெல்ட் அறுந்தது. அதை எழுத நோட்டைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"நேரம்: 10.20. இயந்திரம்: மேனேஜர். பழுது: காரணமில்லாமல் சூடாகிறது. விரிப்பை முகத்தில் எறிந்தது. கழுதை என்றது."

பக்கத்துக்குப் பக்கம் இப்படியே, அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் குக்கரின் கையெழுத்து. மனுஷன் ஒருநாளும் படித்ததே இல்லை! சிரிப்பு பீறிட்டது. அதற்குள் 'பார்த்தவர்' கட்டம் கண்ணில் பட்டது. எல்லாப் பக்கத்திலும் காலி.

வீடு திரும்பும் பஸ்ஸில் அவளிடம் கேட்டேன். "எங்க பேரையாவது எழுதியிருக்கலாமே?"

"அவங்கவங்க பேரை அவங்கவங்கதான் எழுதணும் அண்ணி," என்றாள். "நான் ஹெட் ஆபீஸுக்குப் புகார் அனுப்பிட்டேன். புதன்கிழமை விசாரணைக்கு வர்றாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா உங்களுக்குத் தூக்கம் போகும். எதுக்கு ரெண்டு பேருக்கும் போகணும்?"

ரிமோட்டுக்கு என் முடியைப் பிடிக்க வருகிறவள் பேசுகிற பேச்சா இது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. இப்படி ஒருத்தியோடா ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்!

புதன்கிழமை காலை குக்கர் ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து நின்று, "ஒப்பந்த லிஸ்ட் என் மேஜை மேலதான் இருக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

சாப்பாட்டு அறையில் எல்லோரையும் உட்காரவைத்தார்கள். விசாரிக்க வந்த அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு நோட்டை முழுவதும் படித்தார். "இது உங்க கையெழுத்துதானே?" என்று குக்கரிடம் கேட்டார்.

"வாராவாரம் இருபது பக்கம் மேடம். யாரு படிக்கிறா?"

"தடுப்புக் கம்பியைக் கட்டினதா எழுதியிருக்கே, அதையும் படிக்கலையா?"

குக்கருக்கு வேர்த்தது. ஆனால் ஆள் லேசுப்பட்டவரில்லை. "கையெழுத்து என்னுதுதான். எழுதினது பொய். பார்த்தவர் இடம் பூரா காலி, பாருங்க. இத்தனை பேர் இருக்கிற இடத்துல ஒருத்தர்கூடவா பார்க்கல?" என்று சொல்லி எங்கள் பக்கம் திரும்பினார்.

பெஞ்சில் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தோம். நாத்தனார் எங்களைப் பார்க்கவே இல்லை, மேஜையைப் பார்த்தபடி இருந்தாள். எங்களைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று அப்போதும் நினைக்கிறாள். அதுதான் என்னைப் பொறுக்கவிடவில்லை.

எழுந்து போய்ப் பேனாவை எடுத்தேன். "நான் பார்த்தேன் மேடம். கம்பி கட்டின நாள்லேர்ந்து எல்லாத்தையும். பக்கத்துலதான் நின்னேன்."

"இன்னைய தேதி போட்டுத்தான் கையெழுத்துப் போடணும்," என்றார் அந்த அம்மா. போட்டேன். பதினோரு வாரத் தாமதம் என் கையாலேயே பதிவானது.

குக்கர் துள்ளி எழுந்தார். "மேடம், இது அவளோட அண்ணி! சொந்தக்காரங்க சாட்சி செல்லுமா?"

எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, வீட்டுக் குரல் அப்படியே வந்துவிட்டது. "ஏன் சார், எந்த ஊர்ல ஒரு அண்ணி நாத்தனாருக்காகப் பொய்ச் சாட்சி சொல்லிப் பார்த்திருக்கீங்க?"

உலர்த்தி ஓட்டும் அண்ணன் முதலில் சிரித்தார். அவரைத் தொடர்ந்து எல்லோரும். மூக்குக்கண்ணாடி அம்மாகூடக் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டார். குக்கரைப் பார்த்து, அவர் கண்ணெதிரில், நாங்கள் சிரித்தது அதுவே முதல் தடவை. சிரித்த வாயோடு யாரால் பயப்பட முடியும்? உலர்த்தி அண்ணன் வந்து, "நகரும்மா, நானும் பார்த்தேன்" என்று பேனாவை வாங்கினார். அடுத்து மடிப்பு மேஜைக்காரி. நாத்தனாரைத் தவிர்த்த எட்டுப் பேரில் என்னையும் சேர்த்து ஐந்து பேர் போட்டோம். மற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நேற்றுவரை நானும் அந்தப் பெஞ்சில்தான் இருந்தேன்.

விசாரணை முடியும்வரை குக்கரை வேறு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வயரை அன்றைக்கே அறுத்தெறிந்தார்கள். என் ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குப் பதில் மூன்று மாதம்தான் நீட்டினார்கள். காரணம் சொல்லவில்லை.

அந்தக் காகிதத்தைப் படித்த என் கணவர் கவலையோடு கேட்டார். "மூணு மாசம் கழிச்சு வேலை போச்சுன்னா என்ன பண்ணுவே?"

உள்ளே நாத்தனார் டிவி சத்தத்தைக் குறைத்தது கேட்டது.

"போனா போகட்டும்," என்றேன், அவளுக்கும் கேட்கும்படி. "உங்க தங்கச்சி முகத்தை நேராப் பார்க்கிறேன்ல, அது போதும்."