இணைப்பு அறுந்தால் ஐந்து மதிப்பெண்

திரையில் மதிப்பெண் அட்டவணையைப் பார்த்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டவணை அவள் போட்டது; எண்கள் அவள் போட்டவை அல்ல. ‘இணைப்பு அறுந்தால் தாங்குமா’ என்ற வரிக்கு நாற்பது கொடுத்திருந்தாள். அங்கே இப்போது ஐந்து நின்றது. பிடுங்கிய முப்பத்தைந்தும் ‘நவீனத் தோற்றம்’ என்ற வரியில் போய்ச் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

மருத்துவமனையின் ரத்த வங்கிக்குப் புது மென்பொருள் எழுத வேண்டும். எந்த ஃபிரேம்வொர்க்கின் மேல் எழுதுவது என்பதுதான் கேள்வி. அது அஸ்திவாரம் மாதிரி, கட்டிய பிறகு மாற்ற முடியாது. அதற்காகவே புரோகிராமரான அவள் ஆறு வாரம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ரத்த வங்கி மூலையில், தவம் கிடந்தாள். சுவர்கள் முழங்கை நீளத் தடிமன். நெட்வொர்க் இணைப்பு நாளுக்குப் பதினான்கு தடவை போய்ப் போய் வந்தது; ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்து வைத்திருந்தாள். அவள் பரிந்துரைத்தது பார்வைக்குச் சுமார்தான். ஆனால் பதிவை முதலில் அந்தக் கணினியிலேயே பத்திரப்படுத்திவிட்டு, இணைப்பு வந்ததும் மேலே அனுப்பும். மேலாளர் ஆசைப்பட்டதோ பளபளவென்று இருக்கும். இணைப்பு இல்லையென்றால் கையை விரித்துவிடும்.

“மார்க்கை யார் சார் மாத்தினது?”

“மாத்தலம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணோம். எல்லாரும் இதைத்தான் எடுக்கறாங்க. நாம மட்டும் பழசையே கட்டிக்கிட்டு அழணுமா? கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று அட்டவணையின் அச்சுப் பிரதியை நீட்டினார் மேலாளர்.

பரிசை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் ஓட்டப் பந்தயம் நடத்துகிறார்கள். ஓடியதற்குச் சாட்சிக் கையெழுத்து அவள் போட வேண்டுமாம்! நாளைக்கு ஒரு பதிவு காணாமல் போனால் இந்தக் காகிதத்தைத்தான் தோண்டி எடுப்பார்கள். அதில் அவள் பெயர்தான் இருக்கும்.

“போடறேன் சார். நீங்க ஒரே ஒரு தடவை கீழ வந்து இதோட மாதிரிய நிஜப் பதிவு வெச்சு ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் போடறேன்.”

அவர் சிரித்துக்கொண்டேதான் மடிக்கணினியும் காகிதமுமாக இறங்கி வந்தார். ரத்த வங்கியில் லேப் அக்கா இருந்தாள். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. டீன் வந்தாலும் நாக்கை அடக்கமாட்டாள். மேலாளர் பதிவுப் படிவத்தின் பதினோரு கட்டங்களையும் நிரப்பிப் பொத்தானை அழுத்தினார். வட்டம் சுற்றியது. சுற்றி முடித்து வெறும் பக்கத்தைக் காட்டியது. இன்னொரு தடவை நிரப்பினார். அதுவும் அப்படியே துடைத்துக்கொண்டு போனது.

“நெட்வொர்க் ஆளைக் கூப்பிட்டா சரியாயிடும்” என்றார்.

“ஏழு தடவை கூப்பிட்டேன் சார். சுவத்தை இடிக்கச் சொல்லுங்க, சிக்னல் தரேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு” என்றாள் இவள்.

அப்போது தொலைபேசி அலறியது, மேலே அறுவை அறையிலிருந்து. லேப் அக்கா குளிர்பெட்டியிலிருந்து பையை எடுத்தாள், சோதித்தாள், சீட்டை ஒப்பிட்டாள், வந்து நின்ற வார்டு ஊழியரிடம் கொடுத்தனுப்பினாள். பை எண்ணையும் நோயாளி எண்ணையும் மேலாளரின் திரையில் அடிக்க வந்தாள். அதில் மறுபடியும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சட்டென்று பேனாவை எடுத்துத் தன் இடது கையுறையின் மேலேயே இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டாள்.

“எந்தப் பை யாருக்குப் போச்சுன்னு இப்ப இந்த உலகத்துல இங்க மட்டுந்தான் சார் இருக்கு” என்று கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இத ஏத்துற வரைக்கும் நான் கையுறையக் கழட்ட முடியாது. அடுத்த ஃபோன் வந்தா என்ன பண்றது? நீங்களே சொல்லுங்க.”

மேலாளர் “இது ஒரு விதிவிலக்கும்மா” என்று இவள் பக்கம் திரும்பி, காகிதத்தை மேசையில் வைத்துப் பேனாவையும் திறந்து நீட்டினார். இப்பேர்ப்பட்ட மனிதரிடம் இனி என்ன கத்தினாலும் எடுபடாது என்று அவளுக்குத் தெரிந்தது. பேனாவை வாங்கினாள். நாற்பதுக்குப் பதில் ஐந்து நின்ற வரியைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் ஓரத்தில் அன்றைய தேதியையும் மணியையும் எழுதினாள். பிறகு லேப் அக்காவைப் பார்த்து, “நம்பர் ரெண்டையும் சொல்லுங்கக்கா, இங்கயே எழுதிடறேன்” என்றாள்.

லேப் அக்கா கையைத் திருப்பினாள். குளிர்ந்த பையின் ஈரத்தில் மை கலங்கியிருந்தது. விளக்குக்கு அருகே கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நோயாளி எண்ணின் கடைசி இலக்கம் ஒன்றாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம். பின்னால் திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.