அரண்மனை வியூ

ரெங்கசாமி லாட்ஜின் மாடிப்படியிலிருந்து ஒன்பதாவது படி ஒரு தை மாதச் செவ்வாய்க்கிழமை கிளம்பிப் போய், ஏழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இடிந்த அரண்மனையில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ரூம் கூட்டப் போன அம்சவல்லிதான் முதலில் பார்த்தாள். எட்டாம் படியிலிருந்து பத்தாம் படிக்குக் காலை எட்டி வைத்து ஏறி, அழுக்குப் பெட்ஷீட்டுகளை அள்ளிக்கொண்டு இறங்கி வந்து, "ஒரு படி போயிடுச்சுங்க" என்றாள். "கூட்டித் தள்ளிட்டியா?" என்றார் ரெங்கசாமி.

ராஜவாசல் என்பது அந்த அரண்மனைக்குப் போகிறவர்கள் ஒன்றுக்குப் போக இறங்கும் ஊர். தஞ்சாவூரிலிருந்து வரும் வேனும் நிற்கும், வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் வேனும் நிற்கும். 'வரலாற்றின் தலைவாசல்' என்று ஊர் முகப்பில் சிமென்ட் வளைவு வைத்திருந்தார்கள். வைத்தவர்களில் ஒருவர்கூட அந்த ஏழு கிலோமீட்டரைக் கடந்து அரண்மனையைப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் இல்லை, கடைத்தெருவே அரண்மனைதான். எழுபது வருஷத்துக்கு முன் அவர்களுடைய பாட்டன்மார் மாட்டுவண்டி கட்டிப் போய், மேட்டைத் தோண்டி, ராஜா காலத்துச் செங்கல்லைக் கொண்டுவந்து வீடும் அரிசி மில்லும் லாட்ஜும் கட்டிக்கொண்டார்கள். தோண்டியதும் சுமந்ததும் கீழத்தெரு ஆட்கள். அம்சவல்லியின் தாத்தா ஐயாவு அடுப்புக்கு மூன்று கல் கேட்டபோது, "ராஜா வீட்டுக் கல்லு உனக்கு எதுக்குடா?" என்று சிரித்தார்கள். அதனால் கீழத்தெரு வெகுகாலம் கீற்றுக் கொட்டகையாகவே இருந்து, பிற்பாடு சாதாரணச் சூளைச் செங்கல்லில் அரசாங்கத் தொகுப்பு வீடுகள் ஆனது.

அந்த வீடுகள் இப்போது ஊரின் கண்ணை உறுத்தின. கீழத்தெருவை எடுத்துவிட்டால் நாற்பது வேன் நிறுத்தலாம் என்று வர்த்தகர் சங்கம் மனு கொடுத்தது. சங்கத் தலைவர் ரெங்கசாமி. "பட்டா இருக்கா உங்கிட்ட?" என்று அவர் அம்சவல்லியைக் கேட்டது, அவருடைய தலையணை உறையை அவள் உதறிக்கொண்டிருந்தபோது. இருபது வருஷமாக எழுதிப் போட்டும் அவளுக்குப் பட்டா வரவில்லை. மாசி முடிவதற்குள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் மட்டும் உடனே வந்து கதவில் ஒட்டிக்கொண்டது.

படிக்குப் பின்னால் சுவர்கள் புறப்பட்டன. கற்களுக்கு அவசரமெல்லாம் இல்லை. ஒன்றிரண்டாக, பட்டப்பகலில், இடுப்பு உயரத்தில், ரோட்டின் இடது ஓரமாகவே போயின. ரயில்வே கேட் போட்டிருந்தால் நின்று, வண்டி கடந்ததும் போயின. பதினாலாம் நம்பர் ரூமில் ஜன்னல் அளவுக்கு ஓட்டை விழுந்ததும் ரெங்கசாமி 'அரண்மனை வியூ' என்று போர்டு எழுதி மாட்டினார். ஓட்டை பெரிதாகப் பெரிதாக வியூ நன்றாக இருந்தது. சுவரே இல்லாமல் போனபின் சென்னையிலிருந்து புதுமணத் தம்பதிகள் கேட்டு வாங்கித் தங்கினார்கள். அம்சவல்லி கூட்டிய குப்பை நேராக வயலில் விழுந்தது.

லாட்ஜ் பாதியானபோதுதான் சங்கம் போலீசுக்குப் போனது. எழுத்தர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கடைசியில், "கல்லுக்குப் பில் இருக்குங்களா?" என்றார். "பாட்டன் சொத்துங்க" என்றார் ரெங்கசாமி. "பாட்டன் எங்க வாங்குனாரு?" அந்தக் கேள்வி வந்ததும் சங்கத்தில் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் வேறு வேலை நினைவுக்கு வந்தது.

மாசிக் கடைசியில் ஜேசிபியோடு அதிகாரிகள் வந்தார்கள். கீழத்தெரு முனையில் மறித்து நின்றது வர்த்தகர் சங்கம். அதற்குள் கடைத்தெருவில் ஒண்ட ஒரு சுவர் இல்லை. மில்காரர், நகைக்கடைக்காரர் எல்லோரும் குடும்பத்தோடு கீழத்தெருவில் ஒண்டியிருந்தார்கள். அதே லெட்டர்பேடில், அதே சீல் குத்தி, இந்தப் பாரம்பரியக் குடியிருப்பில் ஒரு கல்லைத் தொட்டாலும் ஊர் பொறுக்காது என்று புது மனு நீட்டினார்கள். பெரிய மனிதர்கள் தூங்குகிற இடம் ஆயிற்றே, மூன்றே வாரத்தில் வீட்டுக்காரர்கள் பேருக்குப் பட்டா வந்தது.

ரெங்கசாமி இருப்பது அம்சவல்லியின் முன்ரூமில். தினமும் காலையில் எழுந்ததும் சுவரை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை தட்டிப் பார்ப்பார்.

"இது போயிடாதுங்களே?"

"இந்தக் கல்லுக்குப் போறதுக்கு வேற இடம் இல்லீங்க. எந்திரிச்சீங்கன்னா பெட்ஷீட்ட மடிச்சு வச்சிருங்க."

அரண்மனை முழுசாக எழும்பி, நேற்றுக் கட்டியது போல் நிற்கிறது. புதுக் கட்டடத்தை யார் பார்ப்பார்கள்? வேன்கள் இப்போது கீழத்தெருவில் நிற்கின்றன. இறங்கி ஒன்றுக்குப் போய், டீ குடித்துவிட்டு வழி கேட்கிறவர்களுக்கு அம்சவல்லி கை காட்டுகிறாள்: "நேராப் போங்க. வளைவு தாண்டுனா இடிஞ்ச ஊரு. பாக்கறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்லீங்க."