கூரைப்பாலத்தில் இறக்கிவிட்டது

நெடுங்காட்டுக்குப் போகும் வழியில், வாய்க்காலின் மேல் பிரெஞ்சுக்காரன் காலத்துக் கூரைப்பாலம் ஒன்று உண்டு. மரப்பலகைத் தளம், இரு பக்கமும் பலகை அடைப்பு, மேலே ஓடு. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டுதான். வாசலில் இரண்டு டன்னுக்கு மேல் போகக்கூடாது என்று போர்டு. நம்மூரில் போர்டை யார் மதிக்கிறார்கள்? ஆனால் இந்த ஒரு பாலத்துக்கு மட்டும் லாரிக்காரனும் வாலைச் சுருட்டிக்கொண்டு சுற்றுவழியில் போய்விடுவான். வேன் என்றால் ஆட்கள் இறங்கி முன்னால் நடந்துவிட வேண்டும். காலி வண்டி பின்னால் ஊர்ந்து வரும். அக்கரையில் மறுபடி ஏறிக்கொள்ளலாம்.

வரிச்சிக்குடியிலிருந்து நடவு ஆட்களை ஏற்றிப்போகும் கதிரவன் இதில் ரொம்பக் கறார். சலுகை அவன் அம்மா சௌந்தரவல்லிக்கு மட்டும்தான். ஆட்களைச் சேர்த்துக் கூட்டிவருவது அவள் வேலை. முழங்கால் வலியால் இறங்கி ஏற முடியாது. பின்சீட்டில் இடது ஓரமாக உட்கார்ந்தபடியே பாலத்தைக் கடப்பாள். அவளை இறங்கச் சொல்ல அவனுக்கு மனசு வந்ததே இல்லை.

ஆடியில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகும் வேன் இடது பக்கம் சாய்ந்தேதான் ஓடியது. மெக்கானிக் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். கதிரவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. பயமும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. அந்த இடத்தில் மட்டும் யாரையும் உட்கார விடாமல் பார்த்துக்கொண்டான்.

ஐப்பசி மழையில் பாலத்து மரமெல்லாம் ஊறிக் கிடந்தது. அன்று காலை நடவுப் பெண்கள் கடந்துபோய், அவர்களில் ஒருத்தியான அல்லி அக்கரையிலிருந்து கை காட்டினாள். பாதிப் பாலம் வந்தபோது இடது பின்சக்கரத்தின் அடியில் பலகை மளுக்கென்றது. காலி வண்டியைத் தாங்கியிருக்க வேண்டிய பலகை. கதிரவன் கண்ணாடியில் பார்த்தான். பின்சீட்டின் இடது ஓரம், ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியிருந்தது.

மறுபடியும் மளுக்கென்றது. வண்டி இன்னும் சரிந்தது.

"அம்மா... இன்னைக்கு மட்டும் இறங்கிக்கம்மா. மெதுவா நடந்து வா. அந்தக் கரையில ஏத்திக்கிறேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்கதவு கரகரவென்று நகர்ந்தது. வண்டி மெல்ல எழும்பி நேராக நின்றது. அதற்கப்புறம் பலகை சத்தமே போடவில்லை.

அக்கரையில் எல்லோரும் ஏறினார்கள். கதிரவன் மட்டும் கதவைப் பிடித்தபடி பாலத்தையே பார்த்து நின்றான்.

"யாருக்குண்ணே நிக்கிறீங்க? எல்லாரும் ஏறியாச்சே," என்றாள் அல்லி.

"அம்மா வரணும்."

பாலத்துக்குள் யாரோ காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அல்லி பக்கத்தில் இருந்தவளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சத்தம் நெருங்கி வரவில்லை. வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

முடியாதவளை இறக்கிவிட்டோமே என்று அவனுக்கு நெஞ்சு வெடித்தது. "இந்தப் பக்கம்மா! வண்டி இங்க நிக்குதும்மா!" என்று கத்திக்கொண்டே பாலத்துக்குள் ஓடினான்.

அவன் குரல் கேட்டும் அந்த நடை நிற்கவில்லை.