கேட்காமல் போட்ட கையெழுத்து

செல்லக்கனிக்கு இடது மூக்கில் ரத்தம் வரத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பீனிசம், வெறும் மூக்கடைப்பு நோய் என்று சொல்லி முத்தையாபுரத்து வைத்தியர் மூக்கில் எண்ணெய் விட்டார், மூலிகைப் புகையை மூக்கில் இழுக்கச் சொன்னார். மேல்வரிசைப் பல் இரண்டு ஆடின. பிறகு இடது கண் பிதுங்கிக்கொண்டு வந்தது. ஒருநாள் கரையில் நின்று, "ரெண்டு கப்பல் நிக்கி" என்றாள். ஒன்றுதான் நின்றது. மறுநாளே வீரபாகு தன் மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு ரயிலேறினான். யுத்தம் முடிந்த மறுவருஷம் அது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கிருபாநிதி அவனைத் தனியே அழைத்து, ஒளிக்காமல் சொன்னார்.

"புத்துநோய். மேல்தாடையில பாதியையும் இடது கண்ணையும் எடுத்தா ஒரு வழி இருக்கு. மூக்குக்கு மேல, மூளைக்கு அடியில, முட்டை ஓடு மாதிரி ஒரு எலும்பு. அதைத் தாண்டியிருந்தா என் கத்திக்கு வேலை இல்ல. திறந்து பார்த்தாத்தான் தெரியும். சம்சாரத்துக்கிட்ட பேசிட்டு வாங்க."

வீரபாகு பேசவில்லை. கண் போகும் என்று தெரிந்தால் அப்படியே எழுந்து ஊருக்குக் கிளம்பிவிடுவாள் என்று பயந்தான்.

"மூக்குக்குள்ள வளந்த சதைய எடுக்காவளாம், ஏளா. சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாம்" என்று அவளிடம் சொன்னான். டாக்டரிடம், "பேசிட்டேன், சரின்னுட்டா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

ஆபரேஷன் முடிந்து மத்தியானம் வெளியே வந்த டாக்டர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "எடுக்க முடிஞ்சதை எடுத்துட்டேன். நோய் அந்த எலும்பைத் தாண்டிப் போயிடுச்சு."

செல்லக்கனிக்கு நினைவு வந்தபோது பேச்சு வரவில்லை. அண்ணத்தில் பாதி இல்லாததால் சொல்லெல்லாம் காற்றாகவே போயிற்று. முகத்துக் கட்டைத் தொட்டு, கண்ணைச் சுட்டி, கையை விரித்தாள்.

"கட்டுக்குள்ள பத்திரமா இருக்கு" என்றான் வீரபாகு.

ஒன்பதாம் நாள் நர்ஸ் கிரேசி கட்டைப் பிரித்து உள்ளேயிருந்த துணியை இழுத்தெடுத்தாள். செல்லக்கனி விரலைக் கொண்டுபோனாள். கண் இருந்த இடத்தில் விரல் உள்ளே போயிற்று. கிரேசிதான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

மூன்றாவது வாரம் ரப்பரில் செய்த அண்ணத்தை வாய்க்குள் பொருத்தினார்கள். சொல் தெளிந்து வந்தது.

"கண்ணு போவும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட கேட்டிருந்தியன்னா சரின்னுதாம் சொல்லியிருப்பேன். எனக்கு உசிரோட இருக்க ஆசையில்லயா?"

வீரபாகு உடைந்துபோய், நோய் எலும்பைத் தாண்டிவிட்டதையும் சொல்லி அழுதான்.

"இன்னும் என்னத்த மறைச்சு வச்சிருக்கிய?"

"ஒண்ணுமில்ல. சத்தியமா ஒண்ணுமில்ல."

அவள் கண்ணில்லாத இடது பக்கத்தை அவன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு படுத்தாள்.

ஊருக்கு வந்த இரண்டாம் மாதம் வலது கண்ணும் மங்கி, பார்வை முழுக்கப் போயிற்று. வலியில் மண்டையைச் சுவரில் முட்டினாள். வீரபாகு அதன்பிறகு அவளிடம் ஒரு பொய் சொன்னதில்லை. ஆனால் அவன் சொன்ன எதையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. கஞ்சியில் உப்புப் போட்டாயிற்றா, மருந்து இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது, எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுச் சந்தனமாரியிடம் கேட்டுத்தான் நம்பினாள்.

"விடிஞ்சிட்டா?"

"விடிஞ்சிட்டு, செல்லக்கனி."

"சந்தனமாரியக் கூப்பிடுங்க."

வீரபாகு எழுந்து போய்க் கூப்பிடுவான். ஐப்பசி முதல் மழையன்று அவள் செத்தாள். அதற்கு முந்தின காலையிலும், சந்தனமாரி வந்து விடிந்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் வாயைத் திறந்து ஒரு மடக்குக் கஞ்சி குடித்தாள்.